எப்படியும் திற

பெய்ப்சி ஏரி உறைந்து மூன்று வாரம் ஆகிறது.
என் செயலி இன்னும் கரையேறவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோபைட்.
துளை போட்ட இடம், பனியின் தடிமன், நேரம்:
மூன்று பெட்டி, ஒரு பொத்தான்,
வலை இறக்கப் போகிறவர்கள் விடியலில் பார்த்துக்கொள்ள.
"செயல்பாடு போதுமானதாக இல்லை" என்று
கடையிலிருந்து பதில் வந்தது.
கீழே, பரிசீலனைக் குழு.
குழுவுக்கு ஒரு முகம் இருந்திருந்தால்
புகையிட்ட மீன் ஒன்றைத் தாளில் சுற்றிக்
கொடுத்துப் பேசியிருப்பேன்.

கடையே வேண்டாம் என்று
பென்டிரைவில் போட்டு சவாத்தி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
அவர் கணினியில் விசைகளுக்கு இடையே மீன்செதில்.
இரண்டு தட்டு தட்டினார்.
இதை உருவாக்கியவர் யாரென்று தெரியவில்லை, என்றது திரை.
என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.
"பதினோரு வருஷமாக அடுத்த வீடு.
இதற்குத் தெரியவில்லையாமே?"
கீழே இரண்டே பொத்தான்:
குப்பையில் போடு. சரி.
சரி என்றால் எது சரி என்று கேட்டார்.
எனக்கும் தெரியாது.

தங்கை ஹெல்விக்கு தார்த்து நகரில் வங்கி வேலை,
மோசடிப் பிரிவு.
அவளிடமா இதைப் போய்ச் சொல்வது? சொன்னேன்.
முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.
"போன மார்ச்சில் இதே மனிதர், இதே கணினி.
மீன்காட்டிக் கருவிக்குப் புதுப் பதிப்பு என்று
எதையோ இறக்கினார்.
நாலாயிரத்து நூறு யூரோ. படகு எஞ்சினுக்கு வைத்திருந்தது.
அதுவும் உன் திறந்தவெளி வழியாகத்தான் வந்தது.
நீ சுதந்திரம் என்கிறாய்.
அதன் மறுமுனையில் தொலைபேசி எடுப்பது நான்."

"வாசலில் காவல் இருக்கட்டும்" என்றேன்.
"காவலாளியே வாடகை வாங்கி,
அவனே உள்ளே கடை விரித்து,
தன் சரக்கை முன்வரிசையில் அடுக்கி,
என் ஒவ்வொரு நூறிலும் முப்பதை எடுத்துக்கொண்டால்
அதற்குப் பெயர் காவலா?
காசு கொடுத்து வாங்கிய கணினி, ஹெல்வி. யார் வீடு அது?"

"வீடு உன்னுடையதுதான்.
பற்றிக்கொண்டால் தெருவே எரியும்."

உருளைக்கிழங்கு ஆறிவிட்டிருந்தது. சாப்பிட்டேன்.

அந்த வாரம் பீரிசார் தீவுக்குப் பனிச்சாலை திறந்தார்கள்.
அளந்து, கொடி நட்டு, பலகை வைத்து:
இத்தனை எடைக்கு மேல் கூடாது,
வண்டிக்கு வண்டி இத்தனை தூரம்,
சீட் பெல்ட் போடவே கூடாது.
பனி உடைந்தால் வெளியே வர வேண்டும் அல்லவா.
கட்டுப்பாடு எழுதியவன்
தப்பிக்கும் கதவையும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறான்.
இதை ஹெல்விக்கு அனுப்பலாம் என்று எடுத்தேன்.

எதிரே சவாத்தி தன் கரகாட்டில் வந்தார்.
லாரி டியூப் நாலு, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின்,
சொந்த வெல்டிங். பதிவெண் கிடையாது.
எந்தக் குழுவும் பரிசீலிக்காத வண்டி.
ஒரு முறை மூழ்கியிருக்கிறது,
அதன்பிறகுதான் டியூப் பெரிதாயிற்று.
சாலையில் ஏறவில்லை அவர். கொடிகளுக்கு அப்பால்,
ஆனால் கொடிகள் கண்ணில் படுகிற தூரத்தில்.
செய்தியை அனுப்பவில்லை.

சனிக்கிழமை ஹெல்வியே தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தாள்:
அமைப்புகள், பாதுகாப்பு, இன்னும் கீழே, இன்னும்,
சாம்பல் எழுத்தில், எப்படியும் திற.
"தொடாதீர்கள். முதலில் சரிபார்ப்பு எண்."
அவளுக்குத் தனியாக அனுப்பியிருந்தேன். அறுபத்து நாலு எழுத்து.
அவள் அங்கே ஒவ்வொன்றாக வாசிக்க
இங்கே சவாத்தி விரல் வைத்துப் பார்த்தார்:
ஏழு. எஃப். நாலு. நாலு. பி.
நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
அத்தனை வாதமும் செய்த வாயை மூடிக்கொண்டு.

நாற்பதுக்குப் பக்கத்தில் இணைப்பு அறுந்தது.
"இவ்வளவு போதும்" என்றேன்.
"போதாது" என்று சவாத்தி
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி அவள் எண்ணை அழுத்தினார்.
முதலிலிருந்து. ஏழு.